சாவியைத் திருப்பினால் 'டக்': செல்ஃப் மோட்டாரை மாற்றுவதா, முதலில் அளந்து பார்ப்பதா?

ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது, மூன்றாவது கியரில் உற்சாகமாக ஏறி வந்த கார் அது. ஏரிக்கரையில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றன, இன்ஜின் அசையவில்லை. இருபது நிமிடம் காத்திருந்து மறுபடி திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. அதைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் பழக்கமானதுதான்: "செல்ஃப் மோட்டார் போச்சுங்க, மாத்திடுங்க."

அந்தப் பேச்சைக் கேட்டு நான் ஒருமுறை பணம் செலவழித்தேன். அப்புறம் உட்கார்ந்து அளந்து பார்த்தபோது மோட்டாரில் பெரிய குறை எதுவும் இல்லை என்று தெரிந்தது. செல்ஃப் எடுக்காத ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு, புது மோட்டார் வாங்குவதா, இருப்பதைப் பிரித்து வேலை பார்ப்பதா, வயரிங்கைச் சரி செய்வதா என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாரில் ஸ்பேனர் வைக்கும் முன் மீட்டர் வைக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாடல். இரண்டு சீட், துணிக்கூரை, சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும் ஹெட்லைட், 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். மாமா இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது கொண்டு வந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஷெட்டில் பல வருஷம் பனியிலும் மழை ஈரத்திலும் நின்ற பிறகு, சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது. இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் முன்னால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கை நுழையாத மூலையில் இருக்கிறது. பாசிட்டிவ் கேபிள் காரின் முழு நீளத்துக்கும் ஓடிப் போய்ச் சேர வேண்டும். நெகட்டிவ் பக்கம் இன்னும் நீளமான கதை. பேட்டரியிலிருந்து டிக்கித் தகரத்துக்கு ஒரு போல்ட், அங்கிருந்து காரின் உடம்பு முழுவதும் கடந்து, முன்னால் ஒரு எர்த் பட்டை வழியாக இன்ஜினுக்கு. ஸ்போர்ட்ஸ் கார்களில் எடையை முன்னும் பின்னும் பிரித்துப் போடப் பேட்டரியைப் பின்னால் வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட எந்தக் கார் உங்களிடம் இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

காது, கண்

கருவி எதுவும் இல்லாமலேயே பாதி வழி போய்விடலாம். இரவில் காரை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பும்போது சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

சத்தமே இல்லை, வெளிச்சமும் அப்படியே இருக்கிறது என்றால் சோலினாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) 'இழு' என்று சொல்லும் சின்ன வயரில் கரண்ட் போகவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அது, சில கார்களில் கிளட்ச் பெடல் ஸ்விட்ச் என்று தேட வேண்டும். 'டக டக டக' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பெரிய கேபிளில் எங்கோ ஒரு இணைப்பு மோசம். சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, பிடி விடுகிறது, வோல்டேஜ் மீள்கிறது, திரும்ப இழுக்கிறது. அந்தச் சுழற்சியின் சத்தம்தான் அது. ஒரே 'டக்', வெளிச்சம் சட்டென்று மங்கிப் போகிறது என்றால் கரண்ட் பெரிதாகப் போகிறது, சுற்ற முடியவில்லை. மோட்டார் இறுகியிருக்கலாம், பேட்டரியும் பலவீனமாக இருக்கலாம். ஒரே 'டக்', வெளிச்சம் மாறவில்லை என்றால் சோலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கான்டாக்ட் தீய்ந்திருக்கலாம், சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கரித்துண்டான பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது எர்த் கிடைக்கவில்லை. மோட்டார் 'வ்ர்ர்' என்று சுற்றியும் இன்ஜின் சுற்றவில்லை என்றால் அது எலக்ட்ரிக்கல் கோளாறே கிடையாது. மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பல்சக்கரம் பிடிக்கவில்லை, மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டும்.

என் காரில் ஒரே 'டக்'. வெளிச்சம் கொஞ்சமாக மங்கியது. இந்த 'கொஞ்சமாக' என்பதுதான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். காது சொல்வதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிப் பணத்தை எடுத்து வைக்கக் கூடாது.

மாற்றிப் பார்ப்பது

முதலில் நான் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான். பேட்டரி பழசு என்றார்கள், மாற்றினேன். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்து, மறுபடி 'டக்'. அப்புறம் மோட்டாரைக் கழற்றி ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிரஷ் மாற்றி, கிரீஸ் வைத்து, பெயின்ட்கூட அடித்துத் தந்தார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. குப்பனூர் வழியாக மலை ஏறிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே திரும்பவும் அதே 'டக்'.

ஒவ்வொரு முறையும் சில வாரம் ஏன் சரியானது என்பது அப்போது புரியவில்லை. பேட்டரியை மாற்றும்போதும், மோட்டாரைக் கழற்றும்போதும் பாதுகாப்புக்காக நெகட்டிவ் கேபிளைக் கழற்றி மாட்டினோம். கழற்றி மாட்டும்போது கேபிள் முறுக்கி, அதன் மறுமுனையில் இருக்கும் லக் (உலோக வளையம்) டிக்கி போல்டில் கொஞ்சம் அசைந்து, துருவில்லாத ஒரு புள்ளியில் பட்டிருக்கிறது. அது கறுக்கும் வரை கார் ஓடியது. பாகத்தை மாற்றியதால் சரியானது என்று நாங்கள் நம்பினோம். மாற்றிப் பார்க்கும் வழியில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். பணம் போவது ஒரு பக்கம், தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்கிறோம் என்பது மறுபக்கம். உள்ளூரில் ஓடும் சாதாரண கார் என்றால், மெக்கானிக் கையில் மாற்று மோட்டார் இருந்தால், அரை மணி நேரத்தில் மாட்டிப் பார்த்துவிடலாம். அங்கே இந்த வழி மோசமில்லை. நம்மைப் போன்ற கார்களுக்கு மாற்றிப் பார்க்க இரண்டாவது மோட்டார் எங்கே இருக்கிறது?

டெஸ்ட் லேம்ப் போதுமா?

நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் கையில் டெஸ்ட் லேம்ப் ஒரு ஆறாவது விரல். ஒரு பல்ப், இரண்டு வயர், ஒரு ஊசி. ஃபியூஸ் போயிருக்கிறதா, ஹார்ன் வயர் அறுந்திருக்கிறதா என்று நொடியில் சொல்லிவிடும். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. செல்ஃப் மோட்டாரின் பெரிய கேபிளுக்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

காரணம் எளிது. 21 வாட் பல்ப் இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. செல்ஃப் மோட்டார் ஒரு சின்ன நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைச் சுற்றவே 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும், சுற்றத் தொடங்கும் முதல் நொடியில் அதைவிடப் பல மடங்கு. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே காறை படிந்து, விரல் நுழையும் ஓட்டை ஊசி ஓட்டையாகிவிட்டது. குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் குறையாது. சொட்டுச் சொட்டாகத் திறந்தாலும் வித்தியாசம் தெரியாது. முழுசாகத் திறக்கும்போதுதான் நூல் போல வரும். டெஸ்ட் லேம்ப் சொட்டுச் சொட்டாகத் திறந்து பார்க்கிறது.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துக் கேபிளை அளப்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். 0.01 ஓம் ஒரு இணைப்பில் சேர்ந்தால் போதும், 150 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 1.5 வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிக ஓம் உண்டு. பத்து இழையில் ஒன்பது அறுந்த கேபிளும் 'பீப்' என்று கத்தும், மீட்டர் பூஜ்யம் காட்டும், நாமும் நம்பிவிடுவோம்.

சுற்றும்போது அளப்பது

மிச்சம் இருப்பது வோல்டேஜ் டிராப். மோட்டார் நிஜமாகக் கரண்டை இழுக்கும் அந்த இரண்டு மூன்று நொடியில், ஒவ்வொரு கேபிளின் இரு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. மீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். இன்னொரு ஆள் வேண்டும். டிக்கியிலிருந்து இன்ஜின் வரை எட்ட ஒரு 5 மீட்டர் வயர் வேண்டும். கார் 4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் வயர் வளைந்து போக வேண்டும். வோல்ட்மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால் இந்த வயர் மெல்லிசாக இருந்தாலும் கணக்குத் தப்பாது.

முதலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்ய வேண்டும். இக்னிஷன் காயில் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் சப்ளையையும் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். ஒவ்வொரு முறையும் 5 நொடிக்கு மேல் சுற்ற வேண்டாம், இடையில் ஒரு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

அண்ணன் மகள் சாவியில் உட்கார்ந்தாள். நான் காருக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தேன்.

"சித்தப்பா, இப்பவா?"

"இரு கண்ணு... கையை எடுத்துக்கிறேன். ம், இப்ப."

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6-க்கு மேல் இருக்கும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். சுற்றும்போது பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே 10.8. இது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். ஆக, பேட்டரி நல்ல பேட்டரி.

அடுத்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து, மோட்டாரில் அந்தக் கேபிள் மாட்டும் பெரிய ஸ்டட் (போல்ட்) வரை. 0.5 வோல்ட். இவ்வளவு நீளக் கேபிளுக்கு இதுதான் எல்லை, தாங்கலாம். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே வைத்து (டெர்மினல் கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும்), மறு முனையை மோட்டாரின் வெளிக்கூட்டில் வைத்தேன். 0.3-க்குள் இருக்க வேண்டும். மீட்டரில் 1.9 என்று வந்தது.

10.8-ல் 0.5-உம் 1.9-உம் போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 8.4. குளிர்ந்த இன்ஜின் அதில் முக்கி முனகிச் சுற்றிவிடும். சூடான பிறகு கஷ்டம். ஆறு மாதமாக நான் மாற்றிக்கொண்டிருந்த எந்தப் பாகத்திலும் இந்த 1.9 இல்லை.

அந்த 1.9 எந்த இணைப்பில் என்று பிரிப்பதும் சுலபம். மீட்டர் முனையை ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும். பேட்டரி குமிழ், கிளாம்ப், கேபிள் லக், டிக்கித் தகரம், முன்பக்கத் தகரம், எர்த் பட்டை, இன்ஜின். டிக்கியில் லக்குக்கும் தகரத்துக்கும் நடுவே மட்டும் 1.4. கார்ப்பெட்டைத் தூக்கினேன். போல்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொடி, முள்ளங்கிச் சாம்பார் காய்ந்த பாத்திரம் போல. அதற்குக் காரணம் அந்த பேட்டரி வரலாறு. இந்த மாடலுக்கு முதலில் வந்தது அடைத்த பேட்டரி, வாயு வெளியேற காருக்கு வெளியே போகும் குழாய் உண்டு. எப்போதோ யாரோ சாதாரண ஆசிட் பேட்டரியை வைத்து, குழாயை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆசிட் ஆவி மூடிய டிக்கிக்குள்ளேயே சுற்றி எர்த் போல்டைத் தின்றிருக்கிறது. ஏற்காட்டு ஈரம் மிச்ச வேலையைச் செய்திருக்கிறது. டிக்கிக்குள் பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்தக் குழாயை இன்றைக்கே போய்ப் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும்.

இந்த முறைக்கும் குறை உண்டு. மோட்டார் கொஞ்சமாவது கரண்டை இழுத்தால்தான் அளவு வரும். முழுசாகச் செத்துப்போன மோட்டாரில் எல்லா இணைப்பும் நல்லதாகவே தெரியும். அதேபோல், கோளாறு வரும் நேரத்தில் அளக்க வேண்டும். மலை மேல் வரும் கோளாறை மறுநாள் காலை சேலத்தில் அளந்தால் அது ஒளிந்துகொள்ளும். அதனால் அந்த 5 மீட்டர் வயரும் மீட்டரும் ஒரு மாதம் காரிலேயே இருந்தன.

மீட்டர் இல்லாத இடத்தில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நல்ல தடிமனான ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை டிக்கியில் பெயின்ட் இல்லாத தகரத்திலும் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். உடனே சுற்றினால் பின் எர்த் கெட்டிருக்கிறது. இல்லையென்றால் அதே கேபிளை இன்ஜினுக்கும் முன்பக்க உடம்புக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். மலைப்பாதையில் இந்த ஒரு கேபிள் ஒரு மெக்கானிக்குக்குச் சமம்.

இன்னொரு கருவியும் சொல்ல வேண்டும், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர். வாங்கும்போது கவனம். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பலவும் வீட்டு லைனில் வரும் ஏசி (மாறுதிசை) கரண்டை மட்டும்தான் அளக்கும், பேட்டரி தரும் டிசி (நேர்திசை) கரண்டை அளக்காது. கேபிளைச் சுற்றி மாட்டிவிட்டுச் சுற்றினால் ஆம்பியர் தெரியும். மெதுவாகச் சுற்றுகிறது, ஆம்பியரும் மிக அதிகம் என்றால் மோட்டாருக்குள் ஏதோ உரசுகிறது, பெரும்பாலும் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் என்ற சுற்றும் பாகம் சாய்ந்திருக்கும். மெதுவாகச் சுற்றுகிறது, ஆம்பியர் குறைவு என்றால் வழியில் எங்கோ அடைப்பு. மோட்டாரைக் கழற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு எந்தக் கருவியும் தராது. விலைதான் சாதாரண மீட்டரைவிட அதிகம். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இருந்தால் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

எர்த் சரி, மலை மேல் இன்னும் 'டக்'

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி அந்தப் பொடியைக் கழுவினேன். நுரை அடங்கும்வரை ஊற்ற வேண்டும். காய்ந்த பிறகு லக்கையும் தகரத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். முன்பக்க எர்த் பட்டையையும் புதிதாகப் போட்டேன். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். 1.9 இருந்த இடத்தில் 0.22 வந்தது.

ஒரு மாதம் கழித்து வெயில் காலத்தில், அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் சத்தமே இல்லை. 'டக்' கூட இல்லை. இந்த முறை கோளாறின் முகமே வேறு. அன்று மீட்டர் கையில் இருந்தது. சோலினாய்டின் சின்ன டெர்மினலில் சாவியைத் திருப்பும்போது 8.6 வோல்ட், பேட்டரியில் அதே நேரம் 12-க்கு மேல். நடுவில் மூன்று வோல்ட்டுக்கு மேல் எங்கே? சாவி ஸ்விட்சுக்குள் தேய்ந்த கான்டாக்டிலும், டிக்கியிலிருந்து டேஷ்போர்டு போய்த் திரும்பும் முப்பது வருஷத்து வயரிலும், கனெக்டர்களிலும்.

குளிர்ந்திருக்கும்போது அந்த 8.6-லேயே சோலினாய்டு இழுத்துவிடுகிறது. சூட்டில் ஏன் முடியவில்லை? செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் இருந்த சோலினாய்டின் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) 100 டிகிரிக்குப் போனால் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். கரண்ட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், இழுவை குறையும். ஓடிக்கொண்டிருக்கும் வரை காற்று அடிக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்று, இன்ஜினின் சூடு முழுவதும் மோட்டார் மேல் இறங்குகிறது. அதனால்தான் வளைவுகளில் ஏறும்போது ஒன்றும் தெரியாமல், டீ குடித்த பத்தாவது நிமிடம் மாட்டிக்கொள்கிறோம், இருபதாவது முப்பதாவது நிமிடம் விடுதலை கிடைக்கிறது.

இங்கே இரண்டு வழி இருந்தது. சாவி ஸ்விட்சின் எலக்ட்ரிக்கல் பாகத்தை மாற்றுவது ஒன்று, நடுவில் ஒரு ரிலே போடுவது இன்னொன்று. காரை வந்தபடியே வைத்திருக்க நினைப்பவர்கள் ஸ்விட்சைத்தான் மாற்றச் சொல்வார்கள். அது நேர்மையான வாதம், தேய்ந்த பாகத்தை மாற்றுவதுதானே முறை. எனக்கு அந்தப் பாகம் வர நாள் ஆகும், வந்தாலும் பழைய வயர் அப்படியேதான் இருக்கும். என் காரில் சாவியிலிருந்து சோலினாய்டுக்கு நடுவே ரிலே இல்லை. அதனால் ரிலேயைத் தேர்ந்தெடுத்தேன். 40 ஆம்பியர் ரிலே. 30 என்று போட்டிருக்கும் காலுக்கு மோட்டாரின் பெரிய ஸ்டட்டிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர். 87-லிருந்து சோலினாய்டின் சின்ன டெர்மினலுக்கு அதே தடிமன் வயர். சாவியிலிருந்து வந்துகொண்டிருந்த பழைய வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இப்போது சாவி ஸ்விட்ச் சுமக்க வேண்டியது ரிலே காயிலின் சின்ன கரண்டை மட்டும்தான். பழைய வயரை வெட்டவில்லை, கனெக்டர் வைத்துத்தான் இணைத்தேன். நாளைக்கு வேண்டாம் என்றால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

ரிலேயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டால், சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெறிக்காத, சூடு குறைந்த இடத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். எர்த் கெட்டிருக்கும் காரில் ரிலே மட்டும் போட்டால் ஒன்றும் மாறாது. 'டக்' இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மோட்டாரே கெட்டிருந்தால்

அளந்து பார்த்து, மோட்டாரின் ஸ்டட்டில் 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, எர்த்தும் சரி, சின்ன டெர்மினலிலும் வோல்டேஜ் இருக்கிறது, அப்படியும் சுற்றவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான். அப்போது கேள்வி புதுசா, இருப்பதைச் சரி செய்வதா.

இதில் சேலம்காரர்களுக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்கு, திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கு. சுற்று வட்டாரத்தில் இத்தனை கனரக வண்டிகள் ஓடுவதால் செல்ஃப் மோட்டார், டைனமோ வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 24 வோல்ட் லாரி மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவருக்கு நம் 12 வோல்ட் மோட்டார் ஒரு கைக்கடிகாரம். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரை லேத்தில் கொஞ்சமாகச் சீவி, செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை ரம்பத் தகட்டால் தாழ்த்தி, புஷ் அடித்து, பிரஷ் மாற்றிவிட்டால் பழைய மோட்டார் இன்னும் பல வருஷம் வரும். சோலினாய்டுக்குள் செம்புக் கான்டாக்ட் குழி விழுந்திருந்தால், திறக்கக்கூடிய வகையில் அதை மட்டும் மாற்றலாம்.

பட்டறையில் கொடுக்கும்போது 'செல்ஃப் எடுக்கலைங்க' என்று மட்டும் சொல்லாமல், அளந்த எண்களைச் சொல்லுங்கள். நான் இரண்டாவது முறை வேறு ஒரு பெரியவரிடம் போய், சூட்டில் சின்ன டெர்மினலில் எவ்வளவு வருகிறது என்று சொன்னபோது, அவர் கையிலிருந்த ஆர்மேச்சரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அப்ப மோட்டாரைக் கழட்டாதீங்க. கழட்டினா எனக்குத்தான் காசு, உங்களுக்கு இல்ல." வயதில் பெரியவர் என்னை அண்ணே என்கிறார். எங்கள் பக்கம் அது மரியாதை.

இன்னொன்று, ஓடாத மோட்டாரைச் சுத்தியலால் தட்டி எழுப்பும் பழக்கம். பிரஷ் தேய்ந்த மோட்டாரில் அது ஒருமுறை வேலை செய்யும், அதனாலேயே அது ஒரு நல்ல தடயமும்கூட. காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார்களில் பலமாகத் தட்டினால் காந்தம் விரிசல் விட்டு, சரி செய்யக்கூடிய மோட்டார் குப்பைக்குப் போகும். மரக்கட்டையால் மெல்லத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து சோலினாய்டை ஷார்ட் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கியரில் இருந்தால் கார் அப்படியே தாவும். காருக்கு அடியில் படுத்திருப்பவர் நீங்கள்.

வெளிநாட்டிலிருந்து புது மோட்டார் வரவழைப்பதில் வசதி என்று பார்த்தால் ஒன்றுதான், பிரித்துப் பார்க்கும் தலைவலி இல்லை. மற்றபடி விலை, சுங்கம், காத்திருப்பு. இன்ஜின் அளவு, மேனுவல் கியரா ஆட்டோமேட்டிக்கா என்பதைப் பொறுத்து மோட்டார் மாறும், பல் எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் ஃப்ளைவீல் பல்லைச் சாப்பிட்டுவிடும். புதுசு என்று வரும் நகல்களுக்குள் என்ன பிரஷ், என்ன புஷ் என்று நமக்குத் தெரியாது. கவர்ச்சியான அட்டைப்பெட்டியைவிட, காரோடு பிறந்த மோட்டாரை நம் கண் முன்னால் பிரித்துச் சேர்ப்பதையே நான் நம்புவேன். ஆர்மேச்சர் எரிந்து கறுத்திருந்தாலோ, கூடு உடைந்திருந்தாலோ மட்டும் புதுசு.

தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். தோட்டத்துக்காரர்கள் எப்போதும் சரிவைப் பார்த்தே வண்டியை நிறுத்துவார்கள், மாமாவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து சேர அது சரி. வளைவுக்கு மேலே சரிவில் உருட்டிவிட்டு இன்ஜின் பிடிக்காமல் போனால், பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்யூம் இருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஏற்காடு ரோட்டில் அதைச் செய்யாதீர்கள்.

என் காரில் இன்றும் இருப்பது அதே பழைய மோட்டார்தான். டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, அண்ணன் மகள் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: சும்மா 12.6, சுற்றும்போது 10.9, பாசிட்டிவ் 0.45, எர்த் 0.22, சின்ன டெர்மினல் 10.5. ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி அளந்து, பக்கத்தில் இன்னொரு வரி எழுதுவோம்.